ஆண் பெண் தெரியாமல் போன தேரிப்புதூர்

ஆனி மாதத்துக் காற்று தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக்கொண்டு வந்து தேரிப்புதூரின் மேல் கொட்டி, வீட்டுக்குள்ளும் சோற்றுக்குள்ளும் காதுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு பகலும் ஒரு இரவும் ஊளையிட்டு ஓய்ந்த மறுநாள் காலையில், ஊரார் எழுந்து கண்ணைக் கழுவிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபோது, எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியவில்லை.

கண்ணில் ஒரு குறையும் இல்லை. மீசை தெரிந்தது, தாலிக்கயிறு தெரிந்தது, கொண்டையும் வழுக்கையும் தெரிந்தது. முகத்தைப் பார்த்தால் இது லிங்கதுரை, இது அவன் பெண்டாட்டி செல்வக்கனி, இது அவனைப் பெற்ற கருவாட்டுக்கடை தங்கபுஷ்பம் என்று ஆளும் தெரிந்தது. லிங்கதுரை ஆண், செல்வக்கனி பெண் என்பதெல்லாம் எப்போதோ கேட்டு வைத்த சேதியாக ஞாபகத்திலும் இருந்தது. ஆனால் முன்பெல்லாம் ஒரு ஆளைப் பார்த்த மாத்திரத்தில், அது யார், என்ன நிறச் சட்டை, சிரிக்கிறதா முறைக்கிறதா என்பதற்கெல்லாம் முந்திக்கொண்டு, கூப்பிடாமலே ஓடிவந்து நிற்குமே ஒரு பதில், அது மட்டும் வரவில்லை. மீசையைப் பார்த்தால் மீசை தெரிந்தது. சேலையைப் பார்த்தால் துணி தெரிந்தது. கேரளத்திலிருந்து வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதுபோல, சுழியும் வளைவும் ஒன்று விடாமல் கண்ணில் பட்டது, வாசிக்கத்தான் முடியவில்லை. ஆட்டில் கிடா எது, கோழியில் சேவல் எது என்பதெல்லாம் பழையபடியே தெரிந்தது. மனுஷரில்தான் தெரியவில்லை.

இதை முதலில் கண்டுகொண்டது டவுன் பஸ் கண்டக்டர் இசக்கியம்மாள். இசக்கி நல்ல உயரம். தோளும் அகலம், குரலும் அகலம், காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் நின்றால் பஸ்ஸின் வாசல் நிறைந்துவிடும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாகப் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் அவளை இரண்டு தடவை பார்த்தார்கள். முதலில் ஒரு பார்வை, "சார், சந்தைக்கு ஒண்ணு" என்று வாய் சொல்லும்; பிறகு கண் ஒரு நொடி திகைத்து, முகத்திலிருந்து கழுத்துக்குக் கீழே இறங்கி, அங்கே என்னத்தையோ தேடி, திரும்ப முகத்துக்கு ஏறி, "ஐயோ, அக்காவா!" என்று சிரிக்கும். அந்த இரண்டாவது பார்வை அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. மழைக்காலத்தில் முதுகில் ஒட்டும் ஈரச்சட்டை போல நாள் முழுக்க அது அவள் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. "பாத்து முடிச்சாச்சா? எங்க எறங்கணும்?" என்று கேட்டு டிக்கெட்டைக் கிழிப்பாள்.

அன்று காலை முதல் நடையில் பஸ் நிறைய ஆள். ஒருவர்கூட அவளை இரண்டாம் தடவை பார்க்கவில்லை. மெயின் ரோட்டிலிருந்து பாதை பிரியும் ஊர் விலக்கு வரை போய், திரும்பி, சந்தை வரை வந்த பிறகுதான் இசக்கிக்கு உறைத்தது.

"அண்ணாச்சி," என்று டிரைவர் ஞானதாஸிடம் போய்ச் சொன்னாள். "இன்னைக்கு என்னவோ ஆயிருக்கு. ஒருத்தரும் என்னை மொறைக்கல."

"நல்லதுதான?" என்றார் ஞானதாஸ்.

"நல்லதுதான். ஆனா மகளிர் சீட்டுல யாரு இருக்கான்னு எனக்கும் தெரியல."

ஞானதாஸ் கண்ணாடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆளுக இருக்காங்க," என்றார் கடைசியில்.

அதன் பிறகு ஊர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. முதலில் முறிந்தது பேச்சு. தேரிப்புதூரில் ஒரு ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் ஆணுக்கு 'ஏலே' என்றோ பெண்ணுக்கு 'ஏட்டி' என்றோதான் வாய் திறக்கும். இப்போது எல்லாரும் 'ஏ' என்று தொடங்கி, அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார்கள். தெருவில் போகிற ஆளைப் பற்றி வந்தான் என்பதா, வந்தாள் என்பதா? வேறு வழியில்லாமல், மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் மட்டும் வைத்திருந்த 'அவிய' என்ற மரியாதைச் சொல்லை எடுத்து ஊர் முழுக்கப் பந்தி வைத்தார்கள். தெருக்கூட்ட வந்த ஆள் 'அவிய' ஆனார். உப்பளத்துக்குப் போகிற ஆள், பனங்கிழங்கு விற்கிற ஆள், எல்லாரும் வந்தாவ, போனாவ, தின்னாவ, உறங்கினாவ. பரம்பரையாக ஒருவரையும் மரியாதை கொடுத்துப் பேசிப் பழகாத வீடுகளில் இது பெரிய வேதனையாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'அவிய' என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்கள்.

கோயிலில் இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்துக் கட்டியிருந்த கயிறு ஒருவர் காலில் தட்டி அறுந்தது. யாரும் திரும்பக் கட்டவில்லை. வாய்க்கால் பாலத்துக் கட்டைச்சுவரில் வெயில் தாழ வந்து உட்கார்ந்து, போகிற வருகிற பெண்களைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்த கூட்டம், வழக்கம்போல வந்து உட்கார்ந்து வழக்கம்போலப் பார்த்தது. எதைப் பார்க்கிறோம் என்று அதற்கே விளங்கவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சலித்துப்போய் அதில் பாதிப்பேர் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள், மீதிப்பேர் சீட்டு விளையாடினார்கள். பெண்கள் பூவை அடுக்கடுக்காக வைத்துப் பார்த்தார்கள், ஆண்கள் மீசையைக் காதுவரை வளர்த்துப் பார்த்தார்கள். பூ இருக்கிறது, பூ வைப்பது யார், ஆக இது பெண் என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அந்த ஆள் தெருமுனை திரும்பியிருந்தார்.

பஸ்ஸில் இன்னும் மோசம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால், கண்டக்டருக்கு முகம் தெரியாத ஆட்கள் எல்லாரும் ஒரே வாயாகப் பெண்கள் ஆனார்கள். கரகரத்த குரலில் "நான் பொம்பளையாளு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவரிடம் இசக்கி என்ன கேட்க முடியும்? அவள் குரலும் அப்படித்தானே.

பஞ்சாயத்துத் தலைவர் சுயம்புலிங்கம் நல்ல மனுஷர்தான், ஆனால் எதையாவது உத்தரவு போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. ஆண்கள் எல்லாரும் மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்ட வேண்டும், பெண்கள் எல்லாரும் மஞ்சள் பட்டை கட்ட வேண்டும் என்று தண்டோரா போட்டார். அவரவர் என்னவென்று அவரவருக்குத் தெரியும் அல்லவா, ஊரும் கட்டிக்கொண்டது. இரண்டே நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பட்டையை மாற்றிக் கட்டி வாத்தியார்களை அழவைத்தன. பெரியவர்களிலும் சிலர் மாற்றிக் கட்டிக்கொண்டு, வெகுகாலமாகப் போக ஆசைப்பட்ட இடங்களுக்கெல்லாம் போய்வந்தார்கள் என்று பேச்சு. இசக்கி எந்தப் பட்டையும் கட்டவில்லை.

தலைவர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார்.

"இசக்கி, எல்லாரும் கட்டியாச்சு. நீ கட்டலைன்னா எப்படி? பாக்கிறவங்களுக்கு நீ என்னன்னு தெரிய வேண்டாமா?"

"எனக்குத் தெரியும் தலைவரே."

"உனக்குத் தெரிஞ்சாப் போதுமா?"

"வேற யாருக்குத் தெரியணும்? எதுக்குத் தெரியணும்? நான் என்னன்னு தெரிஞ்சாத்தான் சந்தைக்கு டிக்கெட் வாங்குவாங்களா?" இசக்கியின் குரல் ஏறியது. "இத்தன வருசமா மேலயும் கீழயும் பாத்துப் பாத்து என் தோலே தேஞ்சு போச்சு. இப்பத்தான் கொஞ்ச நாளா ஒரு மனுசியா மூச்சு விடுதேன். அதுக்குள்ள நானே எம் மேல ஒரு போர்டு எழுதி மாட்டிக்கிடணுமா?"

"பட்டை இல்லாம பஸ் எடுக்க விடமாட்டேன்," என்றார் தலைவர். இசக்கி பையைக் கழற்றி டிரைவர் சீட்டில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றாள். ஞானதாஸ் இஞ்சினை அணைத்தார். வெயில் ஏறியது. பஸ்ஸுக்குள் உப்பளத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கருவாட்டுக் கூடையோடு தங்கபுஷ்பம், எல்லாரும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முதலில் கத்தியது தங்கபுஷ்பம்தான்.

"ஏ சுயம்பு! அந்தப் பட்டையா வந்து பஸ்ஸுக்கு விசில் அடிக்கும்? எங் கருவாடு நாறுது, ஆளை விடு!"

அவ்வளவுதான், பஸ் முழுக்கக் கத்தியது. தலைவர் தன் கையிலிருந்த பச்சைப் பட்டையைத் தடவிக்கொண்டே நகர்ந்தார். அந்த வாரத்துக்குள் பட்டைகள் வேலிப்பருத்தியிலும் மாட்டுக் கொம்பிலும் தொங்கின.

சேதி பரவி, பட்டணத்திலிருந்து விஸ்வேஸ்வரன் என்று ஒரு மூளை டாக்டர் வந்து பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டொரு நாள் வரைக்கும் அந்தப் பார்வை இருக்கும், பிறகு அதுவும் உதிர்ந்துவிடும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்ததால், டாக்டரின் கண் பழுதாவதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டுமென்று கூட்டம் அள்ளியது. அவர் மேசைமேல் ஏறி நின்று விளக்கினார்.

"பாருங்க, கண்ணு கொஞ்சம்தான் பார்க்குது. மீதியை மூளை தானா எழுதிக்குது. மனுஷ உடம்புன்னு எதைப் பார்த்தாலும் இது ஆண், இது பெண்ணுன்னு, நீங்க கேட்கிறதுக்கு முன்னாடியே முத்திரை குத்திடுற இடம் ஒண்ணு இங்கே, காதுக்குப் பின்னால, உள்ளே இருக்கு. உங்க ஊர்ல அது தூங்கிட்டிருக்கு. அவ்வளவுதான்."

"எப்ப முழிக்கும்?" என்றார்கள்.

"அது தெரியாது."

"தெரியாதத நாங்களே சொல்லுவோமே, அதுக்கு எதுக்குப் பட்டணத்துல இருந்து வரணும்?" என்று கூட்டம் சலித்துக்கொண்டது. பிறகு வரிசையாக நின்று, தங்களுக்குத் தெரிந்ததையே அவர் வாயால் சொல்லக் கேட்டது. ஆண், பெண், பெண், ஆண் என்று அவர் சொல்லச் சொல்ல, ரொம்ப நாள் கழித்துச் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தது போலச் சனங்களுக்குச் சந்தோஷம். நடை முடிந்து தண்ணீர் குடிக்க வந்த இசக்கியையும் பிடித்து வரிசையில் தள்ளினார்கள். டாக்டர் அவளைப் பார்த்தார்.

"ஆண்," என்றார். பிறகு கண் திகைத்து, முகத்திலிருந்து கீழே இறங்கியது.

இசக்கிக்கு உடம்பு கூசியது. மறந்தே போயிருந்தாள். இத்தனை நாள் அந்தப் பார்வை இல்லாமல் இருந்துவிட்டு இப்போது படும்போது, ஆறின புண்ணில் உப்புத்தண்ணீர் பட்டது போல இருந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்கும் முன்பே ஊர் திறந்துவிட்டது.

"ஏ டாக்டரு! அது நம்ம இசக்கிலா! பொம்பளையாளு!"

"கண்ணு நல்லா இருக்குன்னுல்ல வந்திய? நல்லா இருக்கிற கண்ணே இந்த லட்சணம்னா எங்க கண்ணுக்கு என்ன வந்துச்சு?"

டாக்டர் மன்னிப்புக் கேட்டார், நல்ல மனுஷர். இரண்டு நாள் கழித்து அவருக்கும் தெரியாமல் போய், தன் கம்பவுண்டரை என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியாமல் விழித்தார், அதற்கடுத்த நாள் ஊரைவிட்டுப் போனார்.

இப்படியாக ஊர் அதற்குப் பழகி, கோபித்து, மறுபடி பழகிக்கொண்டிருந்த நாளில்தான் செல்வக்கனிக்கு வலி வந்தது. அவளுக்கு ஏற்கெனவே மூன்றும் பெண். மூன்றாவது பிறந்தபோது தங்கபுஷ்பம் பிள்ளையைப் பார்க்காமலே கருவாட்டுக் கடைக்குப் போய்விட்டவள். "நாலாவதும் பொட்டைன்னா நாலையும் கூட்டிக்கிட்டு உங்கம்மை வீட்டுக்குப் போயிரு. எம் மவனுக்கு நான் வேற பாத்துக்கிடுதேன்," என்று நேரிலேயே சொல்லியிருந்தாள். லிங்கதுரை அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத பிள்ளை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ரயில்வே கேட் அடைத்திருக்க, இசக்கியின் பஸ்ஸிலேயே பிள்ளை வந்துவிட்டது. கேட்டின் முன்னால் பஸ் நிற்கிறது, பின்சீட்டில் செல்வக்கனி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். 'பொம்பளையாளு மட்டும் இருங்க, ஆம்பளையாளுக எறங்குங்க' என்று சொல்லத்தான் இசக்கி வாயெடுத்தாள். சொல்லி என்ன பயன், யார் இறங்கினார்கள், யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அவளுக்குக் கண் வேண்டுமே.

"தைரியம் உள்ளவங்க இருங்க! மத்தவங்க எறங்குங்க!" என்று கத்தினாள்.

பாதிக்கு மேல் இறங்கிவிட்டார்கள். நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் செல்வக்கனியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார், ஒருவர் வேட்டியோ சேலையோ எதையோ கிழித்துக் கொடுத்தார், ஒருவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் தாயி, இன்னும் கொஞ்சம்" என்று அழுதார். அவர்கள் யார் யாரென்று பிறகு எவ்வளவோ யோசித்தும் செல்வக்கனிக்குத் தெரியவில்லை. அழுத ஆளுக்கு மீசை இருந்தது என்று மட்டும் ஞாபகம். பிள்ளை வந்து விழுந்து அலறியபோது ரயிலும் கடந்தது. வெளியே நின்றவர்கள் ஜன்னலைத் தட்டினார்கள்.

"என்ன பிள்ள? என்ன பிள்ள?"

இசக்கி பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தது, விரலும் நகமும் தொப்புள்கொடியும், ஒன்றும் ஒளியவில்லை. பதில்தான் வரவில்லை; பூவையும் மீசையையும் வைத்துப் போடுகிற கணக்கு வெறும் உடம்பில் எடுபடவில்லை. மடியிலும் காலடியிலும் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் வரவில்லை. கேட் திறந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் காற்று அங்கேயும் அடித்திருந்ததால் நர்ஸும் பார்த்துவிட்டு, ஆணா பெண்ணா என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா," என்றாள் செல்வக்கனி, இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு. "ஒருத்தருக்கும் தெரியாம இப்படியே இருக்கணும்க்கா. இந்தக் கண்ணு ஒருத்தருக்கும் திரும்பவே கூடாது."

தங்கபுஷ்பத்துக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையை அப்படித் திருப்பிப் பார்த்தாள், இப்படித் திருப்பிப் பார்த்தாள், வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். மருமகளைத் திட்டுவதா, தலையில் வைத்துக் கொண்டாடுவதா? இரண்டில் ஒன்றும் செய்ய முடியாமல் பொருமிப் பொருமி, ஒருநாள் செல்வக்கனி குளிக்கப் போயிருந்த நேரத்தில், பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"எங்க பெரியம்மா?" என்றாள் இசக்கி.

"ஊர் விலக்குக்கு. அங்கேருந்து வேற பஸ்ஸு புடிச்சு, காத்து அடிக்காத ஊருக்குப் போயி, கண்ணுள்ள ஒரு ஆளுகிட்டக் காட்டிட்டு வாரேன்."

"பச்சப்பிள்ளையவா? இவிய தாயி எங்க?"

"தாயி எதுக்கு? பாத்துச் சொல்ல ஒரு நிமிசம்."

இசக்கி விசிலை வாயில் வைத்து எடுத்தாள். பஸ் தேரிக்குள் நுழைந்திருந்தது. இரு பக்கமும் சிவந்த மணல், பனைமரம், ஒரு நிழல் கிடையாது. அவள் தங்கபுஷ்பத்தின் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நின்றாள்.

"தெரிஞ்சு என்ன செய்யப் போறிய?"

"என்ன கேள்வி இது? தெரிஞ்சிக்கிட வேண்டாமா?"

"அதான் கேக்கேன். ஆம்பளைன்னு சொன்னா என்ன செய்விய?"

"வளப்பேன்."

"பொம்பளைன்னு சொன்னா?"

தங்கபுஷ்பம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தெரிஞ்சா ஒரு நிம்மதி," என்றாள்.

"யாருக்கு?"

தங்கபுஷ்பம் பிள்ளையைச் சுற்றியிருந்த துண்டை இழுத்து மூடினாள்.

"பெரியம்மா, என்னைப் பொண்ணு பாக்க ஒரு தடவை வந்தாங்க. நாந்தான் காப்பி கொண்டு போயிக் கொடுத்தேன். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வச்சு. மாப்பிள்ளையோட அம்மா காப்பியக் குடிச்சிட்டு, டம்ளர எங் கையில குடுத்து, 'சரிப்பா, பொண்ண வரச் சொல்லு'ன்னாங்க." இசக்கி சிரிக்கவில்லை. "அவங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. பாத்த ஒடனே தெரிஞ்சிக்கிட்டாங்க. எங்கம்மை அன்னைக்கு அடுப்பங்கரைக்குள்ள போனவ, சாகுற வரைக்கும் ஒரு விசேச வீட்டுக்கும் வரல. தெரிஞ்சிக்கிட்டவங்களால எனக்கு ஒரு நல்லதும் நடக்கல."

தங்கபுஷ்பம் எதையோ சொல்ல வந்தாள். அதற்குள் பிள்ளை விழித்துக்கொண்டது. முதலில் முனகி, பிறகு முகம் சிவந்து, பிறகு அந்தச் சின்ன உடம்பு முழுக்க வாயாகிக் கத்தத் தொடங்கியது. அவள் தோளில் போட்டாள், தட்டினாள், கருவாட்டு வாடையடிக்கும் விரலை வாயில் வைத்தாள். பிள்ளை விரலைத் துப்பிவிட்டு இன்னும் கத்தியது.

"பசி," என்றார் முன்சீட்டு ஆள்.

"பாலு குடுத்தாத்தான் அடங்கும்," என்றார் இன்னொருவர்.

"தாயி இல்லாம எங்க கொண்டு போறாவ?"

"என்ன பிள்ளைன்னு பாக்கவாம்."

"பசிச்ச பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன பிள்ளைன்னு பாக்கவா? கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று உப்பளத்துக்குப் போகிற ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "டிரைவர் அண்ணாச்சி, வண்டியத் திருப்புங்க! எங்களுக்கு நேரமானா ஆகட்டும்!"

டவுன் பஸ் பாதி வழியில் திரும்பியது என்று அந்த ஊரில் அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஞானதாஸ் இசக்கியைக் கண்ணாடியில் பார்த்தார், இசக்கி விசில் கொடுத்தாள். அந்த ஒற்றைத் தடச் சாலையில் முன்னும் பின்னும் எடுத்து, சக்கரம் மணலில் புதைய, ஆட்கள் இறங்கி முட்டுக்கொடுத்துத் தள்ள, பஸ் மெல்லத் திரும்பி ஊரைப் பார்த்து நின்றது. வழியிலேயே செல்வக்கனி ஈரத் தலையோடு, செருப்பில்லாமல், சுடுமணலில் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஏறினாள், மாமியாரின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினாள், பின்சீட்டில் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சத்தம் நின்றது. பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. தங்கபுஷ்பம் மட்டும் துப்பப்பட்ட தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் பிள்ளையை வெளியூருக்குக் கொண்டுபோகவில்லை. மனம் மாறிவிட்டாள் என்றெல்லாம் சொல்ல முடியாது. கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியும்வரை பிள்ளைக்கு யாராவது செய்ய வேண்டுமே, செல்வக்கனிக்கு மூன்று பிள்ளைகளோடு கை ஓயவில்லையே. அதனால் முனகிக்கொண்டே எண்ணெய் தேய்த்தாள், முனகிக்கொண்டே குளிப்பாட்டினாள், காய்ச்சல் வந்தபோது வைத்தியரைத் திட்டிக்கொண்டே மார்பில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆண் என்றால் ஒரு பேர், பெண் என்றால் ஒரு பேர் வைக்க வேண்டும் என்பதால் பேரும் இல்லை. வீட்டில் எல்லாரும் பிள்ளையை 'அவிய' என்றார்கள். அவிய முழிச்சிட்டாவ. அவிய கவுந்துட்டாவ. அவிய சிரிக்காவ. கார்த்திகை பிறந்தபோது தங்கபுஷ்பம் பிள்ளையைக் கடைக்கும் எடுத்துப்போகத் தொடங்கியிருந்தாள், கருவாட்டு வாடையில்தான் நன்றாகத் தூங்குகிறது என்று சொல்லிக்கொண்டு.

மழை வந்தது ஒரு மத்தியானத்தில், பஸ் சந்தைக்குப் பாதி தூரம் போயிருந்தபோது. காற்றும் தூசியும் இல்லாத கனத்த மழை. பனைகளைக் கழுவி, மணலை அமுக்கி, ஜன்னல் தட்டிகளை இறக்குவதற்குள் உள்ளே அடித்து எல்லார் முகத்தையும் நனைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர்களுக்கு அது திரும்பியிருந்தது. எங்கேயும் போகாத மாதிரி, எதுவும் நடக்காத மாதிரி, கூப்பிடாமலே ஓடி வந்து நின்றது.

மகளிர் சீட்டிலிருந்து இரண்டு பேர் குதித்து எழுந்தார்கள். தோளோடு தோள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தீச்சுட்டதுபோல விலகினார்கள். யாரோ மாராப்பை இழுத்து விட்டார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாலத்துக் கட்டைச்சுவரில் முன்பு உட்கார்ந்திருந்த ஒருவன் சுற்றிப் பார்த்து இளித்தான். இசக்கியும் உணர்ந்தாள், முன்வரிசையிலிருந்து ஒரு கண் அவள் மேல் பட்டு, நின்று, இரண்டாவது தடவை பார்க்கத் தொடங்கியது. அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. பிள்ளையோடு கடைக்குப் போக ஏறியிருந்த தங்கபுஷ்பத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் மடியிலிருந்த துண்டை விலக்கினாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து இசக்கியைப் பார்த்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். இசக்கி இரண்டே எட்டில் அவளருகே போய், கையை நீட்டிக்கொண்டு நின்றாள், எதற்கும் தயாராக.

"பெரியம்மா. பிள்ளைய எங்கிட்டத் தாங்க."

"எதுக்கு?"

"தாங்க. நான் செல்வக்கனிகிட்டக் கொண்டு போயிச் சேத்துடுதேன்."

"பொட்டப்பிள்ள," என்றாள் தங்கபுஷ்பம். மழைச் சத்தத்தில் அது பக்கத்துச் சீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. பிறகு அவள் முகம் கோணியது, மூக்கு விடைத்தது, பஸ் அதிரும்படி கத்தினாள். "இப்ப வந்து சொல்லுது பாரு, இந்தப் பாழாப்போன கண்ணு! இத்தன மாசம் எங்க மேயப் போயிருந்துச்சாம்? பெறந்த அன்னைக்குச் சொல்லித் தொலைச்சிருந்தா நானும் ஒரு முடிவு எடுத்திருப்பேன்லா! காய்ச்சல்ல கெடந்து எங் கழுத்தக் கட்டிக்கிட்டு விடாம இருந்தாவளே, அப்பச் சொல்லியிருக்கலாம்லா! இப்ப எனக்கு இவிய இல்லாம உறக்கம் வரமாட்டேங்குது, இப்பப் போயிச் சொன்னா நான் என்னத்தச் செய்ய?"

பிள்ளை அந்தச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்து, கத்துகிற முகத்தைப் பார்த்து, பல்லில்லாத வாயால் சிரித்தது.

"சிரிக்காவ," என்றாள் தங்கபுஷ்பம் பஸ்ஸைப் பார்த்து, முறையிடுவதுபோல. "பாத்தியளா? நான் இங்க வயிறெரிஞ்சு கெடக்கேன், இவிய சிரிக்காவ."

ஜன்னல் தட்டி இடுக்கு வழியே சாரல் அடித்தது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் தலைக்கு மேல் போட்டாள், இசக்கியின் நீட்டிய கையை முழங்கையால் தள்ளிவிட்டாள்.

"நீ எதுக்கு மரம் மாதிரி நிக்க? போயி டிக்கெட்டக் கிழி. பிள்ளைக்குக் காத்து வரட்டும்."